இடது கடலூர், வலது சிதம்பரம்

சிடி பிளேயரின் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் துளையில் மாட்ட, கடையில் கிடைக்கும் அந்தச் சின்ன அடாப்டர் போதுமா என்று போன வாரம் நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு 2010 கிறிஸ்துமஸ் ஞாபகமாகவே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நான் ஜெனரேட்டர் மெக்கானிக். கடலூர் புதுப்பாளையத்தில் வீடு. கல்யாண மண்டபம், ஐஸ் கம்பெனி, துணிக்கடை என்று கடலூரில் ஜெனரேட்டர் இருக்கிற இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு. அந்த வருஷங்களில் கரண்ட் போன போக்கு உங்களுக்கே தெரியும். ஊரே அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் சாப்பிட நேரமில்லை.

பாட்டு கேட்பது ஒன்றுதான் எனக்குப் பழக்கம். 2004இல் பிளைவுட் வாங்கி நானே இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அடித்தேன். ஐந்து வருஷம் கழித்து, பாண்டிச்சேரியில் மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து பழைய பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கிடைத்தது. மேடைக்குப் போடுகிற சாமான், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதில் எக்ஸ்எல்ஆர் துளை மட்டும்தான். சிடி பிளேயர் வாசல் பக்கத்து ஷோகேஸில். ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவரடியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில். ஒயர் சுவரோரமாக ஹாலைச் சுற்றிக்கொண்டு போகும். அடாப்டரைச் சொருகினேன், பாடியது. அதோடு விட்டுவிட்டேன்.

2010 கோடையில் இன்வெர்ட்டர் வாங்கி ஷோகேஸுக்குக் கீழே வைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

என் மனைவி ஜெயராணி டீச்சர். சாயந்திரம் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள்.

"ஏங்க, அந்தப் பொட்டியில சில்வண்டு கத்துது."

"எந்தப் பொட்டி?"

"ரெண்டுலயுந்தான். கரண்டு போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது ஜாஸ்தியா கத்துது."

நான் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "பேப்பரு திருத்தித் திருத்தி உனக்குத் தலவலி. அதான் கத்துது" என்றேன்.

"தலவலி அதனால வருது. அது தலவலியால வர்ல" என்றாள்.

அடுத்த வாரம் அவள் தம்பி ராபர்ட் சிதம்பரத்திலிருந்து வந்தான். தாலுகா ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் அவர்கள் சர்ச்சில் மைக்செட் பார்ப்பது அவன்தான். ஒரு செருப்பைக் கழற்றி இன்னொன்றைக் கழற்றுவதற்குள் கேட்டான்:

"என்னா மாமா, இன்வெர்ட்டர் சத்தம் ஸ்பீக்கர்ல வருது?"

அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. செட்டு வந்த நாளிலிருந்து ராபர்ட்டுக்கு அதன்மேல் ஒரு கண். "மாமா, என்னைக்காவது விக்கிறதா இருந்தா ஊரச் சுத்தாதீங்க. நேரா சிதம்பரம் பஸ்ஸுல ஏத்திடுங்க" என்று வரும்போதெல்லாம் சொல்லுவான்.

ஜெயராணி ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "கிறிஸ்துமஸுக்குள்ள அந்தச் சத்தம் போவணும். இல்லன்னா செட்டு ராபர்ட்டு வூட்டுக்குப் போவட்டும். அந்த எடத்துல பழையபடி நான் குடில் வச்சிக்கிறேன்."

ஆம்ப்ளிஃபையர் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில்தான் வருஷா வருஷம் குடில் வைப்பாள். ஆற்று மணல், வைக்கோல், கிண்ணத்தில் முளைவிட்ட நெல் நாற்று எல்லாம் வைத்து அழகாக இருக்கும். போன வருஷம் இடமில்லாமல் தையல் மிஷின்மேல் வைத்தாள். அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருந்தது. அதை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

கூடவே ஒன்று சொன்னாள். "காதையும் ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

செட்டு போகும் என்றதைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் காதுதான் என் பிழைப்பு. ஓடுகிற ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று, எந்த சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று கேட்டே சொல்லுவேன். ராஜவேலுக்குக் காது போய்விட்டது என்று ஒரு மண்டபத்து மேனேஜர் காதில் விழுந்தால் போதும், முகூர்த்த நாளுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். டாக்டரிடம் போவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"சரி மாமா, டாக்டர் வேணாம். நானே ஒரு டெஸ்ட்டு வக்கிறேன்" என்றான் அன்றைக்கு வந்திருந்த ராபர்ட். "சொவத்தப் பாத்து ஒக்காருங்க. நான் ஒயரப் புடுங்கிப் புடுங்கி மாட்டுறேன். சத்தம் வரும்போது கையத் தூக்குங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காலண்டரில் இருந்த ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்டது. தெருவில் பால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டது. இன்னும் ராபர்ட் ஆரம்பிக்கவில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஜெயராணி மெதுவாகச் சொன்னாள்:

"போதும் ராபர்ட்டு. விடுடா."

திரும்பிப் பார்த்தேன். ராபர்ட் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை தடவை மாட்டினான் என்று நான் கேட்கவில்லை. மூன்று பேரும் டீ குடித்தோம்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவனைக் கூட்டிப் போனேன். போகிற வழியில் அவனே பேச்சை எடுத்தான்.

"மாமா, நீங்க போட்டிருக்கிற அடாப்டர் சும்மா பின்னோட ஷேப்ப மாத்துது, அவ்ளோதான். பேலன்ஸ்டு ஆவல. எங்க சர்ச்சுல பீடத்துலேருந்து ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் எவ்ளோ தூரம்? சத்தம் வருதா? வராது."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதுகிறேன். சாதாரண ஒயரில் பாட்டு ஒரு கம்பியில் போகும். சுற்றியிருக்கிற வலை எர்த்து. வழியில் எந்த இரைச்சல் ஒட்டினாலும் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பேலன்ஸ்டு ஒயரில் பாட்டுக்கு இரண்டு கம்பி. ஒன்றில் நேராகப் போகும், இன்னொன்றில் தலைகீழாகப் போகும். இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில் ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். ஒரே மாதிரி இருக்கிற இரைச்சல் கழிந்து போகும், பாட்டு நிற்கும். பாட்டை அப்படி இரண்டாகப் பிரிக்க, பிளேயர் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றினது, ஸ்பீக்கருக்கு ஒன்று. பிளேயரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் தொடாமல் அதுவே பிரித்தும் வைக்கும்.

"எங்க கெடைக்கும்?" என்றேன்.

"கொளஞ்சியப்பன் சவுண்ட் சர்வீஸ்ல செத்துப்போன ஃபாரின் மிக்ஸர் ஒண்ணு கெடக்கு. அதுல ரெண்டு இருக்கு. கேட்டுப் பாக்கறன்."

"ஏண்டா மச்சான், இது சரியாயிட்டா செட்டு உனக்கு வராதே?"

"செட்டு வேணுந்தான். சில்வண்டோட வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அப்போது கார்த்திகை முகூர்த்தம். எனக்கு ஒரு நாள் ஓய்வில்லை, அவனுக்கு ஆபீஸ். சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய முடியாததால் ஆளுக்கு ஒரு பக்கம் செய்வது என்று பேசிக்கொண்டோம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரை அவன் வைத்துக்கொண்டான். இன்னொன்றை சர்ச் காலண்டர் தாளில் சுற்றி, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எனக்கு மிஸ்டு கால் கொடுத்தான். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பார்சல் சர்வீஸ் அதுதான். வழியில் பஸ் ஆலப்பாக்கம் தாண்டுகிற நேரம் பார்த்து நான் ஸ்பேனரைக் கீழே வைத்தால், பஸ் ஸ்டாண்டில் சரியாகப் பிடித்துவிடலாம். கண்டக்டர் பொட்டலத்தைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, "என்னா சார், அல்வாவா?" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒயரிங் படம் ஒன்றைத் தேடி பிரிண்ட் எடுத்தேன். சிவப்புக் கம்பி இரண்டாம் பின்னுக்கு, வெள்ளைக் கம்பி மூன்றாம் பின்னுக்கு, வலை ஒன்றாம் பின்னுக்கு. மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சால்டர் வைத்தேன். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தால் அந்த வேலையை அப்படி அவசரமில்லாமல் செய்தது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ராபர்ட் போனில் கேட்டான். "முடிச்சிட்டீங்களா மாமா?"

"முடிச்சிட்டேன். நீ?"

"முடிச்சிட்டேன்."

எந்தக் கம்பி எந்தப் பின்னுக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்த வேலைதானே என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வந்தான். நான் செய்ததை இடது பக்கமும் அவன் செய்ததை வலது பக்கமும் மாட்டினோம்.

"இடது கடலூரு, வலது செதம்பரம்" என்றான். "எது பொகையுதுன்னு பாப்போம்."

ஜெயராணி சோபாவில் பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஹால் ஓரத்தில் மணல் மூட்டையும் வைக்கோலும் தயாராக இருந்தன. இன்னும் எந்த இடம் என்றுதான் முடிவாகவில்லை.

கரண்ட் போகிற நேரத்துக்குக் காத்திருந்தோம். போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. நான் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, ஜெயராணி முகத்தைத்தான் பார்த்தேன். அவள் எழுந்து போய் கடலூர் பக்கம் குனிந்தாள். பிறகு சிதம்பரம் பக்கம் குனிந்தாள்.

"வருதா?"

"இல்ல."

"நல்லாக் கேளு ராணி."

"இல்லங்க. சுத்தமாப் போயிடுச்சி."

ராபர்ட் சோபாவில் சாய்ந்தான். "ஒளுங்கா தோத்துத் தொலைங்க மாமான்னு வேண்டிக்கிட்டேன். செட்டு போச்சி."

சந்தோஷத்தில் ஒரு பாட்டைப் போட்டேன். ஒரு பெண் தனியாகப் பாடுகிற பழைய பக்திப் பாட்டு. அந்த சிடியை என் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் வாய் திறந்ததுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

"மச்சான், இந்தப் பொண்ணு எங்க நின்னு பாடுது?"

"எங்க நின்னா என்னா மாமா? ஸ்டூடியோல நின்னுதான் பாடும்."

"இல்ல. எப்பவும் நடுவுல நிக்கும். இப்ப எங்க நிக்கிதுன்னே தெர்ல. மிருதங்கத்துல வலு இல்ல."

"நல்லாத்தான இருக்கு" என்றாள் ஜெயராணி.

சொல்லிவிட்டு அவள் தம்பியைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. சத்தம் கேட்காத மனுஷன், எல்லாம் சரியானதும் இல்லாத குறையைக் கண்டுபிடிக்கிறார் என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் செட்டு ஹாலிலேயே இருந்திருக்கும், கிறிஸ்துமஸும் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் என் காதில் எனக்கே நம்பிக்கை போயிருக்கும்.

"மாமா, சத்தம் இல்லன்னு அக்காவே சொல்லிட்டாங்க. விடுங்களேன்" என்றான்.

"இரு."

கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டேன். குரல் இரண்டு ஓரத்திலும் சிதறிக் கிடந்தது, நடுவில் ஆளில்லை. பாட்டு முடியும்போது எனக்கு ஐஸ் கம்பெனி ஞாபகம் வந்தது. அங்கே இரண்டு ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டுவோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்.

"ராபர்ட்டு, ஒரு பக்கம் தலகீழா ஓடுது."

"எது மாமா?"

"கடலூரோ செதம்பரமோ. ரெண்டுல ஒண்ணு."

ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். வலது ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றி முடுக்கினேன். திரும்பப் போட்டேன்.

முதலில் தம்புரா. பிறகு அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், ஒன்றுமில்லாத சுவரிலிருந்து. மிருதங்கம் பழைய வலுவோடு தரைக்கு வந்துவிட்டது. ஜெயராணி சிவப்பு பேனாவோடு தலையை நிமிர்த்தினாள். ஸ்பீக்கரை அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"அங்கேருந்து வருது" என்றாள்.

ராபர்ட் இரண்டு பிளக்கையும் கழற்றித் திறந்தான். என்னுடையதில் சிவப்புக் கம்பி இரண்டாம் பின்னில் இருந்தது. அவனுடையதில் மூன்றில் இருந்தது.

"எங்க சர்ச்சுல இப்பிடித்தான் மாமா போடுவோம். மொதமொதல்ல மைக்செட் போட வந்த ஆளு அப்பிடிப் போட்டாரு, அதையே புடிச்சிக்கிட்டோம்."

"அப்ப உங்க சர்ச்சு பூராவும் தலகீழாவா ஓடுது?"

"பூராவும் தலகீழா இருந்தா அது நேருதான மாமா. உங்க வூட்டுக்கு வந்தாத்தான் தப்பாவுது."

ஜெயராணிக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அடங்கினதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதக் கேட்ட காது, அத ஏன் கேக்கல?"

கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

"போறேன். பண்டிக முடியட்டும். செதம்பரத்துலயே காட்டறேன், இந்த ஊர்ல வேணாம்" என்றேன்.

குடில் அந்த இடத்திலேயே வந்தது. ஆம்ப்ளிஃபையருக்குமேல் காற்று போக இடம் விட்டு ஒரு பெஞ்சு போட்டு, அதன்மேல் மணல் பரப்பி அவள் ஜோடித்தாள். கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு சவரியம்மாள் பலகாரத் தட்டோடு வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டைக் கொடுக்காமலே குடிலுக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார்.

"ஏண்டி ராணி, மாதாவுக்குப் பின்னாடி ஒரு ஸ்பீக்கரு வச்சிருக்கியா?"

"இல்லக்கா, அந்தாண்ட இந்தாண்ட இருக்கே, அந்த ரெண்டுதான்."

"பொய் சொல்லாத. உள்ளேருந்துதான் வருது" என்று மாட்டுத் தொழுவம் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். ஒரு ஆடு சாய்ந்தது. ஜெயராணி அதை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜனவரியில் ராபர்ட்டே டாக்டரிடம் கூட்டிப் போனான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் தாளைக் காட்டினார். கோடு நேராக வந்து, கடைசியில் மலையிலிருந்து இறங்குகிற மாதிரி சரிந்தது. கனமான சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிசான சத்தம் மட்டும் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் பிறகு காது மூடி போட்டுக்கொண்டுதான் ஜெனரேட்டர் பக்கம் போனேன். மண்டபத்து ஆட்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் யாரும் வேலையை நிறுத்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து வலது ஸ்பீக்கர் நனைந்துவிட்டது. ராபர்ட் அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போய்ப் புதுக் கோன் ஒட்டிக் கொண்டுவந்தான். "வலது எப்பவும் எங்களுதுதான்" என்றான். பிளக்கை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி சால்டர் வைக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பும் கறுப்பும் மாறித்தான் இருக்கின்றன. தெரியாதவர் யாராவது சரி செய்துவிடப் போகிறார் என்று பிளாஸ்திரி ஒட்டி "சிதம்பரம், தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன். ராபர்ட் இப்போது மகள் வீட்டோடு ஓசூரில் இருக்கிறான். போன் செய்தால் முதலில் செட்டைத்தான் விசாரிப்பான்.

இப்போதெல்லாம் கரண்ட் அதிகம் போவதில்லை. எப்போதாவது போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது, நான் ஜெயராணி பக்கம் திரும்பி "வருதா?" என்று கேட்பேன். அவள் ரிட்டயர் ஆகிவிட்டாள், பேப்பர் கட்டு இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் "இல்ல" என்பாள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அடாப்டர் வேண்டாம், பிளேயர் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் சால்டர் வைக்கட்டும். முடிந்ததும் நீங்கள் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள், வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.